பேஸ் கிட்டார் கம்பிகள்: குறைந்த செலவில் சரியான தொனி (வாசகர் கேள்வி-பதில்)

இம்முறை மலையகத்தின் பல பகுதிகளிலிருந்தும் வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை "எந்தக் கம்பெனியின் கம்பி மலிவு?" என்றே தொடங்குகின்றன. தொனியைத் தீர்மானிப்பதில் கம்பெனிக்கு மூன்றாம் இடம்தான். கம்பி எவ்வாறு சுற்றப்பட்டிருக்கிறது என்பது முதலாவது. எந்த உலோகத்தால் சுற்றப்பட்டிருக்கிறது என்பது இரண்டாவது. விலையைக் கணக்கிடும்போதும், கடைக்காரர் சொல்லும் தொகையை, அந்தத் தொனி தாக்குப்பிடிக்கும் மாதங்களால் வகுத்துப் பார்ப்பதே நியாயமான கணக்கு.

ஹட்டன் வாசகர்: தேவாலய இசைக்குழுவில் பேஸ் வாசிக்கிறேன். புதுக் கம்பி மாட்டி மூன்று வாரத்துக்குள் ஒலி மங்கிவிடுகிறது. நிக்கல் வாங்குவதா, ஸ்டீல் வாங்குவதா?

உங்கள் கம்பி ரவுண்ட்வவுண்ட் வகையாக இருக்க வேண்டும். நடுவில் ஓர் உருக்குக் கம்பியும், அதைச் சுற்றி உருண்டையான மெல்லிய கம்பியும் கொண்டது இவ்வகை. அந்தச் சுற்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் வியர்வையும் தோல் துகளும் எண்ணெய்ப் பசையும் படிந்துகொண்டே போக, கம்பியின் உயர் அதிர்வுகள் முதலில் அடங்கிவிடுகின்றன. அழுக்கு எல்லா இடத்திலும் சமமாகப் படிவதில்லை என்பதால், நாளடைவில் சுருதியும் பிசகும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: கழுத்தில் குறுக்காகப் பதித்துள்ள உலோகப் பட்டிகளான ஃபிரெட்டுகளில் பன்னிரண்டாவதன் மேல் விரலை இலேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியையும், அதே ஃபிரெட்டை அழுத்தி எழுப்பும் ஒலியையும் ஒப்பிடுங்கள். முன்பு ஒத்திருந்த இரண்டும் இப்போது ஒத்துப்போகவில்லையென்றால் அந்தக் கம்பியின் காலம் முடிந்துவிட்டது.

உலோகத்தைப் பொறுத்தவரை, துருப்பிடிக்காத ஸ்டீல் மிகவும் கூர்மையாக ஒலிக்கும். விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். ஃபிரெட்டுகளையும் விரைவாகத் தேய்க்கும். 1960களில் 'த ஹூ' என்ற பிரித்தானிய ரொக் குழுவின் பேஸ் கலைஞர் ஜோன் என்ட்விஸ்டிலோடு சேர்ந்து ரோட்டோசவுண்ட் நிறுவனம் உருவாக்கிய ஸ்விங் பேஸ் கம்பிகள் இவ்வகையின் முன்னோடி. தூய நிக்கல் இதற்கு நேர்மாறாக மென்மையும் கனிவும் கொண்டது. நிக்கல் முலாம் பூசிய ஸ்டீல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாடகர் குழுவுக்கும் ஓர்கனுக்கும் கீழே அடக்கமாக நிற்க வேண்டிய உங்களுக்கு அதுவே போதும். டடாரியோ நிறுவனத்தின் ஈ.எக்ஸ்.எல். 170 போன்ற சாதாரண நிக்கல் முலாம் செட் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேற்புறத்தை மட்டுமல்லாமல் அடிப்புறத்தையும் துடைத்துவிடுங்கள். கை அதிகமாக வியர்ப்பவராக இருந்தால், மெல்லிய பூச்சுள்ள கம்பிகளுக்கு ஏறக்குறைய இரு மடங்கு விலை கேட்டாலும் அது நட்டமில்லை.

தலவாக்கலை வாசகர்: எங்கள் குழு கோயில் திருவிழாக்களில் 70களின், 80களின் திரைப்பாடல்களை வாசிக்கிறது. அந்தக் காலத்து 'தும்' என்ற உருண்ட ஒலி எங்களுக்கு வரவில்லை. ஃபிளாட்வவுண்ட் வாங்கலாமா? விலை அதிகமாக இருக்கிறதே?

நீங்கள் தேடும் ஒலிக்கு ஃபிளாட்வவுண்ட்தான் நேர்வழி. இதில் சுற்றுக்கம்பி தட்டையான பட்டியாக இருப்பதால் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். விரல் நகரும் கீச்சொலி எழாது. ஒலியின் தொடக்கம் தடித்தும் முடிவு விரைந்தும் வரும். விலையைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பள்ளம் இல்லாததால் அழுக்குத் தங்க இடமில்லை, ஆகவே ஒரு செட் பல ஆண்டுகள் உழைக்கும். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பிகளைப் பூட்டி, அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்பது பேஸ் வாசிப்பவர்கள் எல்லாரும் அறிந்த செய்தி. ஆண்டுக்கு மூன்று நான்கு மலிவு செட்டுகளுக்குச் செலவிடும் தொகையைக் கூட்டிப் பாருங்கள், எது மலிவு என்பது தெரிந்துவிடும்.

ஆனால் பணத்தைக் கொடுக்கும் முன் உங்கள் ஒலிபெருக்கியைக் கவனியுங்கள். நான்கில் மிகத் தடித்த ஈ கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டும்போது அதன் அடிப்படை அதிர்வு ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். மரக்கிளையிலும் மின்கம்பத்திலும் கட்டப்படும் புனல் ஒலிபெருக்கிகளால் அந்தத் தாழ்ந்த அதிர்வை வெளியிடவே முடியாது. அவற்றின் வழியே பேஸ் கேட்கிறதென்றால், மேலேயுள்ள துணை அதிர்வுகளைக் கொண்டு நம் காது அடிப்படைச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது என்றே பொருள். ஃபிளாட்வவுண்ட் அந்தத் துணை அதிர்வுகளைத்தான் குறைக்கிறது. எனவே மேடையில் அருமையாகக் கேட்ட வாசிப்பு, தேர் நிற்கும் தெருமுனைக்கு வருவதற்குள் காணாமற்போய்விடும். பெரிய பேஸ் பெட்டிகளோடு வாசிக்கும் குழுவுக்கு ஃபிளாட்வவுண்ட் பொருத்தம். புனல் ஒலிபெருக்கியை நம்பியிருக்கும் குழு, சற்றுப் பழகிய நிக்கல் ரவுண்ட்வவுண்ட் கம்பியோடு நின்றுகொண்டு, கிட்டாரின் டோன் குமிழைக் கொஞ்சம் குறைத்து, கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே சிறு பஞ்சுத் துண்டு ஒன்றைக் கம்பிகளுக்கு அடியில் செருகிப் பார்க்கட்டும். செலவே இல்லாமல் பாதித் தூரம் வந்துவிடலாம்.

நுவரெலியா வாசகர்: மழைக்காலத்தில் கம்பி துருப்பிடிக்கிறது. எந்தக் கம்பி தாங்கும்?

துருவை மட்டும் கருதினால் துருப்பிடிக்காத ஸ்டீலும் பூச்சுள்ள கம்பிகளும் மேலானவை. இருந்தாலும் 1,800 மீற்றருக்கு மேலே, மூடுபனி வீட்டுக்குள் வரும் ஊரில் எந்தக் கம்பியையும் சுவரில் திறந்தபடி தொங்கவிடக் கூடாது. பெட்டிக்குள் வைத்து, இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் போட்டு வையுங்கள். ஈரப்பதம் மாறும்போது கழுத்து மரமும் வளையும் என்பதால், கம்பி திடீரென உயர்ந்தோ ஃபிரெட்டில் உரசியோ ஒலித்தால் உடனே புதுக் கம்பி வாங்க ஓடாமல், கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சீராக்கும் ட்ரஸ் ரொட்டைச் சரிபார்க்கத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.

பண்டாரவளை வாசகர்: பழைய கம்பிகளை வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதிதாகும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. கொதிநீர் எண்ணெய்ப் பசையை இளக்குவதால் பளிச்சென்ற ஒலி திரும்பும், ஆனால் சில நாட்களில் மறுபடி மங்கிவிடும். சுற்றுகளுக்குள் தங்கும் நீர் உள்ளிருக்கும் உருக்கைத் துருவேற்றும் என்பது அதைவிடப் பெரிய குறை. ஸ்பிரிட்டில் ஊறவைப்பதே நல்லது. ஒரு முனை அடைத்த பீ.வீ.சீ. குழாய்த் துண்டு ஒன்றில் கம்பிகளை நீட்டாக இறக்கி, அவை மூழ்கும்வரை ஸ்பிரிட் ஊற்றி, மறுமுனையையும் மூடி ஓரிரவு விட்டுவிடுங்கள். காலையில் அந்தத் திரவம் தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறியிருப்பதைக் கண்டால், தொனியை எது விழுங்கிக்கொண்டிருந்தது என்று விளக்கத் தேவையிருக்காது. துடைத்து நன்றாகக் காயவிட்ட பிறகே மாட்டுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுப்பெரியும் லயத்து வீட்டுக்குள் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது. பூச்சுள்ள கம்பிகளுக்கும் நைலோன் நாடா சுற்றிய கம்பிகளுக்கும் இந்த முறை ஆகாது. ஒரே செட்டை இரண்டு மூன்று முறைக்கு மேல் இப்படி மீட்க முடியாது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் சுருதி ஆணியில் வளைந்த இடம் பலவீனமாகிறது.

பதுளை வாசகர்: மகள் பாடசாலை இசைக்குழுவில் பேஸ் பழகுகிறாள். விரல் வலிக்கிறது என்கிறாள். மெல்லிய கம்பி மாட்டலாமா?

மாட்டலாம். வழமையான செட்டில் மிக மெல்லிய ஜீ கம்பி 45, ஈ கம்பி 105 என்று குறிக்கப்பட்டிருக்கும். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட கணக்கு அது, மில்லிமீற்றரில் 1.14 முதல் 2.67 வரை. மகளுக்கு 40 முதல் 100 வரையிலான செட் இதமாக இருக்கும். அதற்கு முன்பே செலவின்றிச் செய்யக்கூடிய ஒன்றுண்டு: எல்லாக் கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கிச் சுருதி கூட்டினால் இழுவிசை ஏறக்குறைய 11 சதவீதம் குறையும். வீட்டில் தனியே பழகும்போது அப்படியே வைத்துக்கொள்ளலாம். கம்பி அதிரும் நீளம் 30 அங்குலமே உள்ள குறுகிய கருவியாக இருந்தால், அதற்கென விற்கும் குறுங்கம்பிகளையே கேட்டு வாங்குங்கள். நீண்ட கம்பியை மாட்டினால் அதன் தடித்த பகுதி ஆணியில் சுற்றி, சுற்றுக்கம்பி பிரிந்துவிடக்கூடும்.

கொட்டகலை வாசகர்: புது செட்டில் ஈ கம்பி மட்டும் முதல் நாளிலிருந்தே உயிரில்லாமல் ஒலிக்கிறது. போலியா?

போலியாகவும் இருக்கலாம், பிரபலமான பெயர் அச்சிட்ட உறை பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகிப்பதில் தவறில்லை. ஆனால் மாட்டும்போதே கெடுத்துவிட்ட கம்பிகள்தான் நாம் நினைப்பதைவிட அதிகம். கம்பியை நீளம் குறைக்க வேண்டுமானால், வெட்டுமிடத்துக்குச் சற்று முன்னால் பிளையரால் நேர்கோணமாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் சுற்றுக்கம்பி உட்கம்பியின் மேல் தளர்ந்து, ஒலி செத்துவிடும். மாட்டும்போது கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கொள்ள விட்டாலும் விளைவு அதுவே. இப்போது ஈ கம்பியைத் தளர்த்தி, ஆணியிலிருந்து எடுத்து, முறுக்கு இருந்தால் தானாக அவிழவிட்டு மீண்டும் மாட்டிப் பாருங்கள். கழுத்தின் தலைப்பக்க முனையிலுள்ள நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் மேல் கம்பி வளையும் இடங்களை விரலால் மெல்ல அழுத்தி நேராக்குங்கள். அதன் பிறகும் மாறவில்லையென்றால் தனிக் கம்பியாக ஈ மட்டும் வாங்கினால் போதும், மற்ற மூன்றும் புதியவை என்பதால் தொனியில் வேறுபாடு தெரியாது.