கேள்வி: 12 வயது மகள் கை கழுவிக்கொண்டே இருக்கிறாள், ‘ஒண்ணும் ஆகாதில்லம்மா?’ என்று நாள் முழுக்கக் கேட்கிறாள். எப்படிச் சமாதானப்படுத்துவது?

சமாதானப்படுத்தாதீர்கள். கல்நெஞ்சக்காரி என்று திட்டுவதானால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் பையனுக்கு ஆரம்பித்தபோது வயது 11. எங்களுக்கு அது ஓசிடி (OCD) என்ற நோய் என்றே தெரியவில்லை; வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வர, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலப் பிரச்சினை அது. “பிள்ளைக்கு என்ன சுத்தம் பாரு” என்று மாமியார் பக்கத்து வீடுகளில் பெருமை பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாம்பார் சாதத்துக்கு ஸ்பூன் கேட்டான். எதற்கு என்றால், எரியுதாம். அன்றைக்குத்தான் கையைத் திருப்பிப் பார்த்தேன். விரல் முட்டியெல்லாம் தோல் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

இரவானால் காஸ் பயம். “சிலிண்டர் மூடிட்டியாம்மா?” “மூடிட்டேன்டா.” இரண்டு நிமிஷம் கழித்து, “நல்லாப் பாத்தியா?” பதினோரு மணிக்கு அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போய் ரெகுலேட்டரைத் தொட்டுக் காட்டுவேன். பாசத்தில்தான் செய்தேன். அதுவே தீனியாகிவிட்டது என்று குழந்தைகள் மனநல டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. நாம் ‘ஒண்ணும் ஆகாது’ என்றதும் ஒரு நிமிஷம் நிம்மதி. அந்த நிம்மதிக்காக மனசு மறுபடி கேட்கும்.

சிகிச்சை இதற்கு நேர் எதிர். பயப்படும் விஷயங்களை ஒரு நோட்டில் எழுதி, எவ்வளவு பயம் என்று 0 முதல் 10 வரை மார்க் போட்டு, சின்னதிலிருந்து ஆரம்பிப்பது. முதல் நாள் செருப்பு வாரைத் தொட்டான். கழுவக் கூடாது. இரண்டு கையையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 8 என்றான். கொஞ்ச நேரம் கழித்து 6. அரை மணி நேரத்தில் 3. நான் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

கேள்விகளுக்கும் அப்படித்தான். அவனிடம் பேசி வைத்துக்கொண்டு நாளைக்கு 5 பதில், அப்புறம் 3, அப்புறம் 1 என்று குறைத்தோம். “பயம் கேக்குதுடா, அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்” என்பேன். பிள்ளையிடம் சொல்லாமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், தவித்துப்போகும்.

மாத்திரையும் கொடுத்தோம். ‘சின்னப் பிள்ளைக்குப் பைத்திய மாத்திரையா’ என்று கேட்கிறவர்களுக்கு: செர்ட்ராலின் என்ற மாத்திரையை ஓசிடிக்காக 6 வயதிலிருந்தே கொடுக்க அமெரிக்காவில் அனுமதி உண்டு. 2004-ல் வெளியான ஆய்வில், 7 முதல் 17 வயதுக்குட்பட்ட 112 பிள்ளைகளில், மாத்திரையும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களே அதிகம் தேறினார்கள். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டரிடமே கேளுங்கள்.

அந்தக் கோடையில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எங்கள் வீட்டு நம்பரைப் போட்டு ‘தண்ணீரை வீணாக்குகிறார்கள்’ என்று எழுதினார்கள். எழுதியவர் தினமும் காரை ஹோஸ் போட்டுக் கழுவுகிறவர். இதை இங்கே சொல்லக் காரணம், என் பிள்ளை அதைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள், அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். இலவசம், தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பையன் இப்போது பத்தாவது. பரீட்சை சமயத்தில் கை கழுவுவது கூடத்தான் செய்கிறது. அப்போது அந்தப் பழைய நோட்டை அவனே எடுத்து வைத்துக்கொள்கிறான்.