சேர்ந்த கல்லூரியிலிருந்து விலகுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவள். அப்பா விசைப்படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறார். பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு உரிமையாளரிடம் முன்பணம் வாங்கித்தான் அப்பா கட்டணம் கட்டினார். எங்கள் பக்கத்து ஊரைச் சேர்ந்த பேராசிரியை ஒருவர் நிர்வாகத்திடம் பேசிக் கட்டணத்தைக் குறைத்துத் தந்தார். இப்போது கலந்தாய்வில் நான் ஆசைப்பட்ட மீன்வள அறிவியல் படிப்பே தூத்துக்குடியில் கிடைத்து, அங்கே கட்டணமும் கட்டிவிட்டோம். மாற்றுச் சான்றிதழ் மதுரையில் இருக்கிறது. ஏதாவது காரணம் சொல்லி அதை மட்டும் வாங்கிக்கொண்டு, பிறகு போகாமல் இருந்துவிடு என்கிறார் மாமா. அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பது மரியாதையாக இருக்குமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள மகளுக்கு,

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் நடந்துவருகிறது. கடலுக்குப் போய்வரும் ஒருவரின் வீட்டிலிருந்து நீங்கள் அங்கே படிக்கப் போவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. உங்கள் மாமா உங்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனாலும் அதைச் செய்யாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், மண்டபம் ஊரில் இருக்கும் என் உறவுக்காரப் பெண் ஒருத்தியுடன் இதே காரியத்துக்காக ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அலுவலர் விலகல் கடிதத்தைப் படித்துவிட்டு, சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கினார். பிறகு மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த காத்திருப்போர் பட்டியலில் விரலை ஓட்டி, எங்கள் முன்னிலையிலேயே ஓர் எண்ணை அழைத்து, ஓர் இடம் காலியாகியிருக்கிறது, நாளை மாலைக்குள் வர முடியுமா என்று கேட்டார். "வந்துவிடுகிறோம் சார்" என்று மறுமுனையில் ஒரு பெண்மணி மூன்று முறை சொன்னது எங்களுக்கே கேட்டது. அந்தக் கடிதத்தைக் கொடுக்கக் கூச்சப்பட்டு நாங்கள் ஒன்பது நாள் தள்ளிப்போட்டிருந்தோம். அந்த ஒன்பது நாளும் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் போகாமலே இருந்தால் உங்கள் பெயர் எப்போதாவது நீக்கப்படும். அதற்குள் சேர்க்கை முடிந்து, அந்த நாற்காலி மூன்று ஆண்டுகள் காலியாகவே கிடக்கலாம்.

பேராசிரியை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் பாரமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அவர் உங்களுக்காக ஒருவரிடம் போய்ப் பேசியிருக்கிறார். ஆகவே நீங்கள் விலகும் செய்தியை அவர் அலுவலக ஊழியர் வாயிலாகக் கேட்க நேரக்கூடாது. கடிதம் கொடுப்பதற்கு முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்து, எந்தப் படிப்பு, எந்த ஊர், ஏன் அதை விரும்பினீர்கள் என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். உடல்நிலை சரியில்லை, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்பது போன்ற பொய்க் காரணங்களை நம்மவர்கள் மரியாதை என்று நினைத்துச் சொல்வதுண்டு. உதவியவரிடம் சொல்லும் பொய் அந்த உதவியையே சிறுமைப்படுத்திவிடும். அவர் வருத்தப்பட்டு இரண்டு வார்த்தை கடிந்துகொண்டால் கேட்டுக்கொள்ளுங்கள், பதிலுக்கு வாதாட வேண்டாம். ஆனால் நம் கரையில் பிறந்து படித்து மேலே வந்த ஒரு பெண், இன்னொரு பெண் மீன்வளம் படிக்கப் போகிறாள் என்பதற்காக நெடுநாள் மனக்குறை கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பணத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலத்தில் வாங்கிய முன்பணம் அது; இனி உங்கள் அப்பாவின் பங்கிலிருந்துதான் அதைக் கழிப்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட விதிகளின்படி, எழுத்து மூலம் விலகும் நாளைப் பொறுத்தே திரும்பக் கிடைக்கும் தொகை அமையும். அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகையும் கிடைக்கும். அதில் 5 சதவீதத்துக்கு மேற்படாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொள்ளலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் 90 சதவீதமும், கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதமும், 30 நாளுக்குள் என்றால் பாதியும் வரும்; அதற்கும் பிந்தினால் ஒன்றும் இல்லை. இதை விடச் சலுகையான சுற்றறிக்கைகளும் வந்துள்ளன. 2024–25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் தரச் சொன்னார்கள். இந்த ஆண்டுக்கான சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள். விண்ணப்பம் பெற்ற 15 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்பதும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கின்றன. ஆகவே மாற்றுச் சான்றிதழுக்காக நீங்கள் எந்தக் கதையும் கட்ட வேண்டியதில்லை.

முதல்வருக்கு எழுதும் கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெயர், பாடப்பிரிவு, சேர்க்கை எண், ரசீது எண் ஆகியவற்றை எழுதிய பின் இப்படி எழுதலாம்: "தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டதால், இக்கல்லூரியில் எனக்கு அளிக்கப்பட்ட இடத்திலிருந்து இன்று முதல் விலகிக்கொள்கிறேன். என் அசல் சான்றிதழ்களையும், விதிகளின்படி திருப்பித் தரவேண்டிய கட்டணத்தையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமளித்ததுடன் கட்டணத்தையும் குறைத்து உதவியமைக்கு நானும் என் பெற்றோரும் நன்றியுடையவர்கள்." 'விலகலாம் என்று நினைக்கிறேன்' என்று எழுதிவிடாதீர்கள், அப்படி எழுதினால் அவர்கள் உங்கள் இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது.

அப்பா கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, இந்த வாரத்திலேயே இருவரும் காலைப் பேருந்தில் மதுரைக்குப் போங்கள். கடிதத்தில் அப்பாவும் கையெழுத்திடட்டும். கட்டண ரசீதையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். கடிதத்தின் இரண்டாம் படியில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்கிய பிறகே அங்கிருந்து கிளம்புங்கள்.

அன்புடன்