அப்பச்சிக்கு அக்கி வந்துச்சு, டி செல் தீர்ந்து போச்சா?

தேவகோட்டையில இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்காங்க. அவங்க அப்பச்சிக்கு 72 வயசு, போன தையில இடுப்பைச் சுத்தி அக்கி வந்து, வேளார் வீட்டுல காவி எழுதி ஒரு மாதிரி ஆறிருச்சு, எரிச்சல் மட்டும் போகல. தெரிஞ்சவர் ஒருத்தர் "தைமஸ்ங்கிற நெஞ்சுச் சுரப்பி சுருங்கி, கிருமியை எதிர்க்கிற டி செல்ங்கிற வெள்ளை அணு தீர்ந்துருச்சு"ன்னு சொல்லி, தைமஸை வளர்க்கிற மாத்திரைன்னு ஒரு டப்பாவை நீட்டுறாராம். வாங்கலாமா?

வாங்காதீங்க ஆச்சி. சுருங்குன தைமஸை திரும்ப வளர்க்கும்னு நிரூபிச்ச மாத்திரை எதுவும் கடையில இல்ல.

அவர் சொன்னதுல பாதி உண்மைதான். டி செல் பொறக்குறது எலும்பு மஜ்ஜையில, படிக்கிறது நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்க தைமஸ்ல. 1961ல ஜாக் மில்லர்ங்கிற விஞ்ஞானி அப்பத்தான் பொறந்த எலிக்குட்டிகள்ல அதை எடுத்துப் பாக்குற வரைக்கும் அதை ஒண்ணுக்கும் ஆகாத சதைன்னு நெனச்சாங்க. அங்க பரீட்சை ரொம்ப கறார், நம்ம உடம்போட அடையாளத்தையே புரிஞ்சுக்காத செல் செத்துரும், நம்ம உடம்பையே இறுக்கிப் புடிக்கிற செல்லும் செத்துரும், நூத்துக்கு அஞ்சு கூட வெளிய வராது. இந்தப் பள்ளிக்கூடம் சின்ன வயசுலயே சுருங்க ஆரம்பிச்சு 70 வயசுல பெரும்பாலும் கொழுப்பாயிரும். அப்பச்சிக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்.

ஆனா தீர்ந்து போகாது. ஏற்கனவே வெளிய வந்த செல்லுங்க ஐஎல்-7னு ஒரு சிக்னலைக் குடிச்சுக்கிட்டு, அப்பப்ப ரெண்டா பிரிஞ்சு வம்சத்தை ஓட்டிக்கிட்டு இருக்கும். நம்ம கோயில் புள்ளிக் கணக்கு, அதான் குடும்பக் கணக்கு மாதிரி வச்சுக்கங்க, புள்ளி அப்படியே இருக்கும், ஆனா சில விலாசம், அதாவது சில வம்சம், வாரிசில்லாம அத்துப் போயிருக்கும். அதனால எண்ணிக்கை டெஸ்ட் எடுத்தா நார்மல்னு வந்துரும், குறைஞ்சது ரகம், அது அந்த ரிப்போர்ட்ல தெரியாது. புதுசா வர்ற கிருமிக்கு ஏத்த ஆள் கிடைக்கிறது கஷ்டமாகுது, பழைய காவல்காரங்களும் சோர்ந்து போறாங்க. சின்னம்மை வந்துட்டுப் போன வைரஸ் நரம்பு வேருல படுத்தே கிடக்கும், காவல் தளர்ந்தா எந்திரிக்கும், அதுதான் அக்கி.

பழைய ஞாபகம் லேசுல அழியாது. அப்பச்சி கையில அம்மை குத்துன தழும்பு இருக்கா பாருங்க, பெரியம்மையை ஞாபகம் வச்சிருக்க டி செல் பாதியா குறையவே 8லேருந்து 15 வருஷம் ஆகுதுன்னு அளந்திருக்காங்க. ஒரே செல் அத்தனை வருஷம் உக்காந்திருக்கறதில்ல, அதோட புள்ளைகதான் இருக்கும்.

அதனால காசு செலவழிக்கணும்னா தடுப்பூசிக்கு செலவழிங்க. ஷிங்ரிக்ஸ்ங்கிற அக்கி தடுப்பூசி 2023லேருந்து நம்ம நாட்டுலயும் இருக்கு, 50 வயசுக்கு மேல, ரெண்டு டோஸ், 2லேருந்து 6 மாச இடைவெளியில. உயிருள்ள வைரஸ் இல்ல, 70 தாண்டினவங்களுக்கே ஏறக்குறைய 90 சதவீதம் காப்பாத்துச்சு. அக்கி வந்து ஆறினவங்களும் போடலாம், அவரோட டாக்டரைக் கேட்டுட்டு. ரெண்டு நாள் கை வலி, காய்ச்சல் வரலாம், பயப்படாதீங்க. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறாருன்னா அதையும் சொல்லுங்க, அது டி செல்லைக் குறைக்கும், ஆனா நீங்களா நிறுத்திராதீங்க. மிச்ச எரிச்சல் நரம்பு வலி, அதுக்குத் தனி மருந்து இருக்கு, பொறுத்துக்கிட்டு இருக்க வேணாம்.

காவி எழுதுறதை நான் திட்டமாட்டேன், எங்க அப்பத்தாவும் எழுதிக்கிட்டவங்கதான். ஆனா கொப்புளம் கிளம்புன 72 மணி நேரத்துக்குள்ள வைரஸை அடக்குற மாத்திரை ஆரம்பிக்கணும், கண்ணுக்குப் பக்கத்துல வந்தா அன்னைக்கே கண் டாக்டர்.