வேனில் பொருத்திய ஏசி பழுது: கோவைப் பட்டறை மீது பாலக்காட்டிலேயே புகார் கொடுக்க முடியுமா?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். குடும்பத்தோடு கோயில்களுக்கும் சுற்றுலாவுக்கும் போய்வர, சொந்த உபயோக வேனைக் கோவையில் ஒரு பட்டறையில் கொடுத்து, படுக்கை, சமையல் மேடை, ஏசி ஆகியவற்றுடன் கேம்பர் வேனாக மாற்றினேன். செலவு ரூ.7.4 லட்சம். வீட்டுக்கான ஒரு டன் ஸ்பிளிட் ஏசி, 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு, இன்வெர்ட்டர் ஆகியவற்றைப் பொருத்தினார்கள். "எஞ்சினை அணைத்துவிட்டு இரவு முழுக்க ஏசி போட்டுத் தூங்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் கொடுத்தார்கள். உத்தரவாதம் ஓராண்டு. ஏழு மாதத்துக்குள் மூன்று முறை கேஸ் தீர்ந்துவிட்டது. இரண்டு முறை பணம் வாங்கிக்கொண்டு நிரப்பினார்கள். இப்போது நான் பராமரிக்காததே காரணம் என்றும், பில்லில் அச்சிட்டிருப்பதுபோல் கோவையில்தான் வழக்குப் போட முடியும் என்றும் சொல்கிறார்கள். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்குவதே அரிது. அதனால் வேனின் பின்பக்கப் பெட்டியில் சிறிய ஜெனரேட்டர் வைத்து ஏசியை ஓட்டுகிறோம். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசியாகச் சொன்ன விஷயம் வழக்கைவிட அவசரமானது. ஆட்கள் உறங்கும் வேனின் பெட்டிக்குள் ஜெனரேட்டரை ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. தரைப்பலகை இடுக்கு வழியாக உள்ளே கசிந்தாலும் உறங்குபவருக்குத் தெரியாது. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த இந்த வாயுவே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஏசியில்லாத ஓர் இரவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் வழக்குக்கு வருகிறேன். இது எந்த ஊரில் நடக்கும் என்பதைவிட, பழுதுக்குக் காரணம் என்ன என்பதை எப்படி நிரூபிக்கப் போகிறீர்கள் என்பதே முக்கியம். ஏசியிலுள்ள கேஸ் டீசலைப் போல ஓட ஓடச் செலவாகும் பொருள் அன்று. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் அதே கேஸ்தான் மறுபடி மறுபடி சுழல்கிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்றே பொருள். ஆகவே கசிவைத் தேடி அடைக்காமல் இரண்டு முறை பணம் வாங்கிக்கொண்டு கேஸ் நிரப்பியதே சேவைக் குறைபாடு என்று வாதிட உங்களுக்கு இடம் இருக்கிறது. மேலும், வீட்டு ஸ்பிளிட் ஏசி அசையாத சுவருக்கென்று செய்யப்பட்டது. அதன் செம்புக் குழாய்கள் நட்டு போட்டு இறுக்கிய இணைப்புகளில் வந்து சேர்கின்றன. ஓடும் வண்டியின் அதிர்வைத் தாங்கும் பிடிப்புகளும் வளையும் குழாய்களும் இல்லாமல் அவற்றை அப்படியே பொருத்தினால் இணைப்பு நாளடைவில் தளர்ந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள்: கசியும் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் ஒட்டிய தூசியும் பெரும்பாலும் தெரியும், ஏனெனில் கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சிறிது வெளியேறும். துடைப்பதற்கு முன் அதைப் படம் எடுத்துவிடுங்கள்.

எதிர்த்தரப்பு பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது உங்கள் பகுதியின் நார்த்தூசியைக் காட்டும் என்று எதிர்பாருங்கள். தென்னை நார் ஆலைகளின் தூசி, வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சர் காயிலில் படிந்தால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசர் சூடேறும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான். ஃபில்டரைக் கழுவுவதும், காயிலை மென்மையான தூரிகையால் சுத்தம் செய்வதும், தண்ணீர் வடியும் குழாயை அடைப்பில்லாமல் வைப்பதும் உங்கள் பொறுப்பே. ஆனால் அழுக்கு ஃபில்டரால் ஏழு மாதத்தில் மூன்று முறை கேஸ் காலியாகாது. சுத்தம் செய்த ரசீதுகள் இருந்தால் எடுத்து வையுங்கள்; இல்லையென்றால் இன்று முதல் தேதியிட்டுக் குறித்து, படமும் எடுத்து வாருங்கள். முன்தேதியிட்டு எதையும் எழுத வேண்டாம். அது ஒன்று வெளிப்பட்டால் மற்ற ஆவணங்களின் நம்பகத்தன்மையும் போய்விடும்.

மறுபடி கேஸ் நிரப்புவதற்கு முன், தொடர்பில்லாத ஒரு ஏசி மெக்கானிக்கைக் கொண்டு குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்திக் கசிவைக் கண்டறியும் சோதனை செய்து, சோப்பு நுரையில் குமிழ் எழும் இடத்தை வீடியோவில் பதிந்து, கையெழுத்துடன் அறிக்கை வாங்குங்கள். சோதனை நாளைப் பட்டறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டால், தங்களுக்குத் தெரியாமல் பிரித்துவிட்டார்கள் என்ற வாதம் எழாது. எந்த இணைப்பையும் அதற்குமுன் கழற்ற விடாதீர்கள். நுகர்வோர் ஆணையமே நிபுணர் ஒருவரை அனுப்பி வாகனத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று பின்னர் மனுவும் போடலாம். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும்.

பேட்டரி விஷயம் இதைவிட எளிது. 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு சேர்ந்தால் 3.6 யூனிட் மின்சாரம். அவை சாதாரண லெட்-ஆசிட் வகையாக இருந்தால், கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஒரு டன் ஏசி ஓடும்போது ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கிறது. இன்வெர்ட்டரின் இழப்பு வேறு. இடையிடையே கம்ப்ரசர் நின்று ஓடினாலும் இரண்டு, மூன்று மணி நேரத்தைத் தாண்ட வழியில்லை. இரவு முழுக்க ஓடும் என்ற வாக்குறுதி, எழுதிய அன்றே நிறைவேற முடியாதது. உங்கள் வழக்கில் மிக உறுதியான பகுதி இதுவே. அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், அது வந்த கைபேசியையே பத்திரமாக வைத்து, பாரதிய சாட்சிய அதிநியமம், 2023-இன் 63-ஆவது பிரிவுப்படி மின்னணு ஆவணங்களுக்குத் தர வேண்டிய சான்றிதழோடு நகலைத் தாக்கல் செய்யுங்கள்.

கோவைக்குத்தான் வர வேண்டும் என்ற பேச்சுக்கு அஞ்ச வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலும் புகார் கொடுக்க உரிமை தருகிறது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது இல்லை. சட்டம் தந்த இந்த உரிமையைப் பில்லின் அடியில் அச்சிட்ட ஒரு வரி பறித்துவிட முடியாது என்பதே என் நிலைப்பாடு. எனவே பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே அணுகுங்கள். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் ரூ.200 மட்டுமே. இணையவழியில் தாக்கல் செய்யவும், காணொளி வழி விசாரணை கேட்கவும் வசதி உண்டு. தமிழிலுள்ள பில்லுக்கும் உரையாடலுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்துவிடுங்கள்.

உங்கள் தரப்பில் ஒரு பலவீனமும் இருக்கக்கூடும். வேனைக் கேம்பராக மாற்றியது பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்று கடிதத்தில் சொல்லவில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறுகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு அதே சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைக் கையில் எடுக்கும். புகார் கொடுப்பதற்கு முன்பே சிற்றூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிலையை விசாரித்துச் சீர்செய்ய முயலுங்கள். இடையில் வேனை வாடகைக்கு விட்டுவிடாதீர்கள். வணிக நோக்கம் என்று கூறி, நீங்கள் நுகர்வோரே அல்ல என்று வாதிடுவார்கள்.

ஏசி தயாரித்த நிறுவனத்தை, கம்ப்ரசரிலேயே குறை இருப்பதாக அறிக்கை சொன்னாலொழிய, எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டாம். வீட்டு ஏசியை வேனில் பொருத்தலாம் என்று முடிவெடுத்தது பட்டறைதான். ரூ.7.4 லட்சம் முழுவதையும் திருப்பிக் கேட்பதைவிட, ஏசி, பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் விலை, கேஸ் நிரப்ப வாங்கிய தொகை, சோதனைச் செலவு, நியாயமான இழப்பீடு ஆகியவற்றைக் கேட்பதே நிலைத்து நிற்கும். படுக்கையிலும் சமையல் மேடையிலும் குறை இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை.

முதலில் 15 நாள் அவகாசம் தந்து, ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். புகார் கொடுக்கக் கால வரம்பு இரண்டு ஆண்டுகள். கடிதப் போக்குவரத்தோ சமாதானப் பேச்சோ அந்தக் காலத்தை நீட்டிக்காது. கேஸ் முதன்முறை தீர்ந்த தேதியிலிருந்தே கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பானது.