லினக்ஸில் சில செயலிகளின் டைட்டில் பார் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

டைட்டில் பார் என்பது விண்டோவின் தலையில் பெயரும் மூடு பொத்தானும் இருக்கும் பட்டை. அதை யார் வரைகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முன்பெல்லாம் பெரும்பாலான விண்டோக்களுக்கு, விண்டோக்களை நிர்வகிக்கும் மென்பொருளான விண்டோ மேனேஜர்தான் வரையும், செயலி உள்ளே இருக்கும் பகுதியை மட்டும் பார்த்துக்கொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் பில்டரே ஒரே மாதிரி வாசல் கதவு போட்டுத் தருவது போல. 2013-ல் ஜிடிகே 3.10 (பொத்தான், மெனு போன்றவற்றைச் செயலிகளுக்குத் தரும் ஒரு டூல்கிட்) ஹெட்டர் பாரை, அதாவது செயலியே வரையும் தலைப் பட்டையை, கொண்டுவந்தது. அப்புறம் கதவை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம் என்றாகி, தேடல் பெட்டி, மெனு, டயலாக்கில் வரும் 'ரத்து', 'சேமி' பொத்தான்கள் எல்லாம் அந்தப் பட்டைக்கே ஏறிவிட்டன.

சின்னத் திரை லேப்டாப்பில் இந்த இடச் சேமிப்பு உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் விலையும் உண்டு: செயலி உறைந்தால் அது வரைந்த மூடு பொத்தானும் சேர்ந்து உறையும், ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு தோற்றத்தில் நிற்கும். டூல்கிட் எழுதுகிறவர்கள் இரண்டு வழியையும் திறந்து வைப்பதே நல்லது என்பேன்.

விண்டோக்களைத் திரையில் காட்டுவதற்கான புதிய முறையான வேலண்ட் வந்ததால் செயலிதான் கட்டாயம் வரைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. ஜினோம் என்ற டெஸ்க்டாப் அப்படி எதிர்பார்க்கிறது, ஆனால் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மா வேலண்டிலும் செயலி கேட்டால் தானே வரைந்து தருகிறது.