எக்ஸ்ரேயில் இடுப்பு எலும்பில் ஓட்டை தெரிகிறது. எலும்புக் கட்டிதானா, மூட்டுச் சவ்விலிருந்தும் இப்படி வருமா?

வரும். மூட்டின் உள்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வில் கட்டி வளர்ந்தாலும் எலும்பு அரிக்கும். என் தம்பிக்கு அப்படித்தான் வந்தது. நான் மருத்துவர் இல்லை. ஒன்றரை வருடம் அவனோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடித்த கையோடு அவனுக்கு வலது தொடை இடுக்கில் வலி. புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் சதைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். பல மாதம் ஓடியது. கடைசியில் பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்தால், தொடை எலும்பின் கழுத்தில் ஓட்டைகள். எலும்புக் கட்டியாக இருக்கலாம் என்று பரிந்துரைக் கடிதம் எழுதினார்கள். அம்மா அன்றைக்கே தேக்காவில் இறங்கி வீரமாகாளியம்மன் கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

எலும்பு மருத்துவர் படத்தைத் திரையில் போட்டு, பேனா முனையால் அந்த ஓட்டைகளைக் காட்டினார். அப்புறம் பேனாவை மூட்டு இடைவெளிக்கு அந்தப் பக்கம், தொடை எலும்பின் தலை உட்காரும் இடுப்புக் கிண்ணத்துக்கு நகர்த்தினார். அங்கேயும் இரண்டு சின்ன ஓட்டைகள்! "எலும்புக் கட்டி பெரும்பாலும் ஒரே எலும்பில்தான் இருக்கும் தம்பி. இது ரெண்டு பக்கமும் அரிச்சிருக்கு, ஆனா நடுவுல இடைவெளி குறையல. மூட்டுக்குள்ள இருந்துதான் கிளம்புதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

இடுப்பு இறுக்கமான மூட்டு. சவ்வு தடித்தால் போக இடமில்லாமல் எலும்பைக் குடைந்துவிடும். முழங்காலில் இடம் தாராளம், அங்கே முதலில் வீக்கம்தான் தெரியும். ஆனால் இரண்டு பக்க அரிப்பை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மூட்டுக் காசநோயும் அப்படிச் செய்யும் என்பதால் அதையும் பார்த்து விலக்கினார்கள்.

எம்ஆர்ஐதான் பாதி பதில் சொன்னது. இந்தச் சவ்வில் அடிக்கடி ரத்தம் கசிந்து இரும்பு படிந்துவிடுமாம். படத்தில் அந்த இடங்கள் கருகருவென்று விழும். அம்மாவுக்கு இதை விளக்கியதிலிருந்து அவர் அதைத் 'துருக்கட்டி' என்றே சொல்கிறார். மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரைவிட அது தேவலை. ஏனென்றால் இதன் பெயர் டெனோசைனோவியல் ஜயன்ட் செல் டியூமர். பழைய பெயர் பிவிஎன்எஸ் (பிக்மென்டட் வில்லோநாடுலர் சைனோவைட்டிஸ்). எலும்புக்குள் வரும் இன்னொன்றின் பெயரும் ஜயன்ட் செல் டியூமர்தான்! பாதிப் பெயரைக் கூகுளில் போட்டுவிட்டு நான் ஓர் இரவு முழுக்கத் தூங்கவில்லை.

இரண்டிலுமே மைக்ராஸ்கோப்பில் ராட்சத செல்கள் தெரியும். அதனால் பயாப்சிக்கு ஊசியால் எடுத்த துண்டை மட்டும் பார்த்தால் குழப்பம் வரலாம். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாம் பயாப்சி பார்ப்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். சந்தேகம் நீடித்தால் மரபணுச் சோதனை உதவும்: எலும்பில் வருவதில் பெரும்பாலும் எச்3எஃப்3ஏ மரபணு மாறியிருக்கும், சவ்வில் வருவதில் சிஎஸ்எஃப்1 என்ற மரபணு சம்பந்தப்பட்டிருக்கும். பயாப்சி ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும் பிறகு அறுவை செய்யப்போகிறவரே தீர்மானிப்பது நல்லது.

தம்பிக்குச் சவ்வைச் சுரண்டி எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் மூட்டு முழுக்கப் பரவிய வகை திரும்ப வரக்கூடியது. அதனால் இன்னும் எம்ஆர்ஐக்குப் போய் வருகிறான். நீங்கள் அடுத்த முறை போகும்போது, ஓட்டைக்கு எதிர்ப்பக்க எலும்பையும் காட்டச் சொல்லிப் பாருங்கள்.