மருத்துவர் பதில்கள்: மூலிகைதானே என்கிறார் நண்பர்

கேள்வி: எனக்கு 31 வயது. தேவகோட்டையில் இருக்கிறேன். மணமாகி மூன்றாண்டுகளாகியும் குழந்தை இல்லை. ஆத்தா என் மனைவியையே ஸ்கேனுக்கு அழைத்துச் செல்கிறார். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நான் கல்லூரி நாளிலிருந்து கஞ்சா புகைக்கிறேன், இப்போது வாரத்தில் நான்கைந்து நாள். அது வீட்டில் தெரியாது. காரைக்குடியில் எடுத்த விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம் அணுக்களே இருந்தன. ‘மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்கிறார் நண்பர். சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அரளியும் செடிதான். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்னும் பொருள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் மட்டுமல்லாமல் விதைகளிலும், விந்தணுவின் மீதும்கூட இருப்பதால், அணு உற்பத்தியும் அதன் நீந்தும் திறனும் பாதிக்கப்பட இடமுண்டு. டென்மார்க்கில் 18 முதல் 28 வயது வரையிலான 1,215 இளைஞர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் புகைத்தவர்களின் விந்தணு அடர்த்தி 28 சதவீதம் குறைந்திருந்தது. 2019இல் வந்த ஹார்வர்டு ஆய்வில், என்றாவது புகைத்திருந்தவர்களுக்கு அணுக்கள் கூடுதலாக இருந்ததும் உண்மையே. ஆனால் வாரத்தில் நான்கைந்து நாள் புகைப்பவர் அதைக் காட்டி ஆறுதல் கொள்ள முடியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த கீழ் அளவு 1 கோடியே 60 லட்சம். அதிலிருந்து 90 லட்சத்துக்கு இறங்கியதற்குக் கஞ்சா ஒன்றே காரணம் என்று நான் முடிவு கட்டமாட்டேன். விதைப்பையில் இரத்தக் குழாய் புடைத்திருக்கிறதா, சமீபத்தில் கடுங்காய்ச்சல் வந்ததா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். கஞ்சாப் பழக்கத்தை அவரிடம் மறைத்தால் அவர் பாதிக் கண்ணால்தான் பார்ப்பார். மாதிரியை வீட்டில் எடுத்து தேவகோட்டையிலிருந்து பைக்கில் கொண்டுபோனீர்களா என்பதையும் சொல்லுங்கள்: டப்பா உடற்சூட்டில், சட்டைக்குள் வைத்த நிலையில், ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேராவிட்டால் அணுக்களின் அசைவு குறைவாகத் தெரியும்.

ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆகின்றன. பின்னர் முதிர்ந்து வெளிவர இரண்டு வாரம் வரை பிடிக்கும். ஆகவே இன்றே நிறுத்தினாலும் அடுத்த மாத அறிக்கையில் பலன் தெரியாது. மூன்று மாதம் முழுமையாக விட்டு, பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் உறவு தவிர்த்து, மறுபடி பாருங்கள். முதல் வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். அதற்குச் சிகரெட்டையோ மதுவையோ துணைக்கு அழைக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன், 90 லட்சம் என்ற அறிக்கையை இன்றிரவே மனைவியிடம் காட்டிவிடுங்கள். ஆத்தாவின் அடுத்த ஸ்கேன் பயணமாவது நிற்கும்.